பாங்காக் (கொங்குநாட்டுப் பயணம்)

பாங்காக் தாய்லாந்தின் தலைநகரம். சாவோ பிரயா ஆற்றின் கரையில், தாய்லாந்து வளைகுடாவுக்கு அண்மையில் உள்ளது. உள்ளூர் மக்கள் இதைக் குருங் தெப் என்பர். பம்புசெட், பெயின்ட், சிமென்ட் கம்பெனிகள் விற்பனை இலக்கை எட்டிய டீலர்களைப் பரிசாக அழைத்துச் செல்லும் ‘ஃபாரின் டூர்’ வழியாகவே கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தார் பலருக்கு இந்நகர் அறிமுகமானது. நான்கு நாளில் கடற்கரையும் கடைவீதியும் முடிந்துவிடும் அப்பயணங்களில் கீழே கூறப்படுபவற்றுள் பெரும்பாலானவை இடம்பெறுவதில்லை.

பண்டைத் தொடர்பு

நகருக்கு வயது இருநூற்று ஐம்பதுக்கும் குறைவு. அது அமைந்த நாட்டோடு கொங்குக்குள்ள உறவோ சங்ககாலம்வரை செல்லக்கூடும். ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் ஆகும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் தொடங்கிய அகழாய்விலும் பின்னர் நடந்தவற்றிலும் மணி செய்த தொழிற்கூடங்கள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகள் ஆகியவை வெளிப்பட்டன. நீலக்கல், படிகம், சூதுபவளம், அகேட், பெரில் ஆகியவற்றில் மணிகள் உள்ளன. பெரில் தொலைவிலிருந்து வரவேண்டியதில்லை. காங்கேயம் அருகிலுள்ள படியூரில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் அங்கே தோண்டிப் பார்த்தனர். சூதுபவளக் கல் வடக்கே குசராத்துப் பகுதியிலிருந்து வந்தது.

மேற்பரப்புத் தட்டி எடுத்தது, துளையிடத் தொடங்கியது, துளையிடும்போதே உடைந்தது, மெருகேற்றி முடித்தது என எல்லாக் கட்டத்து மணிகளும் ஒரே ஊரில் கிடைத்துள்ளன. ஆகவே கொடுமணல் மணி வாங்கி விற்ற ஊர் அன்று, செய்த ஊர்.

தாய்லாந்துப் பக்கத்துச் சான்றுகளும் குறைவில்லை. பாங்காக்குக்கு மேற்கே, காஞ்சனபுரி மாகாணத்தில் உள்ள பான் டான் தா பெட் இடுகாட்டில் சூதுபவள மணிகளும், அதே கல்லில் செதுக்கிய சிறு சிங்க உருவமும் கிடைத்தன. இவை கிறித்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தெற்கே கிராபி மாகாணத்துக் குவான் லுக் பட் என்னும் இடத்தில் பொற்கொல்லர் உரைகல் ஒன்று கிடைத்தது. அதில் தமிழ்-பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று உடையவன் பெயர் வெட்டப்பட்டுள்ளது. அவன் கொங்கனா பாண்டியநாட்டானா என்பதைக் கல் சொல்லவில்லை. தமிழன் என்பதில் ஐயமில்லை. கீழைக்கடல் தாண்டிய மணிகளுள் ஒரு பங்கு நொய்யல் கரையில் துளையிடப்பட்டிருக்கலாம்.

மணிகள் சென்ற பாதையும் தெரிந்ததே. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கொங்கின் ஊடே கரூர் சென்று, காவிரியோரமாகக் கீழைக் கடற்கரையை அடைந்த பெருவழி அது. அதன் பிற்கால நிலையைக் கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் பாறையில் வெட்டிய இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு காட்டுகிறது. இது முதலாம் ஆதித்த சோழன் காலத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தென் தாய்லாந்தின் தக்குவாபாவிலும் ஒரு தமிழ்க் கல்வெட்டு எழுந்தது. அவனிநாரணம் என்னும் குளத்தை வெட்டி, வணிகக் குழுவினரான மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விட்ட செய்தியை அது கூறும். அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் பட்டப்பெயர். 

நகரின் தோற்றம்

1767இல் பர்மியர் அயுத்தயாவை அழித்தபின் தக்சின் மன்னர் ஆற்றின் மேல்கரையில் தோன்புரியைத் தலைநகராக்கினார். 1782இல் அரியணை ஏறிய முதலாம் இராமா கீழ்க்கரைக்கு மாறினார்; இன்றைய பாங்காக் அன்று தொடங்கியது. அரண்மனை வளாகத்து மரகதப் புத்தர் கோயிலின் சுற்று மண்டபத்தில் இராமகாதை முழுவதும் 178 சுவர் ஓவியங்களாக உள்ளது. அனுமனைத் தேடி நடக்கும் பயணி தாய் அனுமன் காதல்வயப்பட்டவன் என்பதையும் அங்கே அறிவார்.

தேவசதான்

பழைய நகரில் 1784இல் எழுந்த அந்தணர் கோயில். சிவன், பிள்ளையார், திருமால் ஆகியோருக்கு மூன்று தனிக் கட்டடங்கள் உள்ளன. வெளியிலிருந்து பார்த்தால் நம் கோயிலின் சாயல் சிறிதும் இல்லை. அரசவை அந்தணர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து நகோன் சி தம்மராட் வழியாக வந்தவர்கள். அவர்களது மரபு இராமேசுவரத்தைச் சொல்லும். நம் மார்கழி வழிபாட்டை ஒட்டி அங்கு நடக்கும் திரியம்பவாய் திரிப்பவாய் விழாவில் தமிழ்ப் பாசுரங்கள் ஓதப்படுகின்றன. ஓதுவோருக்குப் பொருள் தெரியாது, உச்சரிப்பும் தேய்ந்துவிட்டது. இதைத் தமிழுலகுக்கு 1950களில் எடுத்துரைத்தவர் தனிநாயகம் அடிகள்.

எதிரே உள்ள பெரிய ஊஞ்சல் தேக்கு மரத்தாலானது. உயரம் ஏறக்குறைய 21 மீட்டர். விழாவின்போது இளைஞர்கள் அதில் எழும்பி ஆடி, கம்பத்தில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வினர். விபத்துகள் நேர்ந்ததால் அவ்வழக்கம் 1935இல் நிறுத்தப்பட்டது. இன்றுள்ள ஊஞ்சல் 2007இல் அர்ப்பணிக்கப்பட்டது.

மே மாதம் சனம் லுவாங் திடலில் நடக்கும் அரச ஏர்விழாவிலும் அரசவை அந்தணர்களே சடங்குகளைச் செய்கின்றனர். உழுது முடித்த காளைகளின் முன் நெல், சோளம், பயறு, எள், புல், நீர், மது ஆகிய ஏழையும் வைத்து, அவை எதைத் தின்கின்றனவோ அதைக்கொண்டு அவ்வாண்டு விளைச்சலுக்குக் குறி சொல்வர். காங்கேயம் காளை வளர்ப்போர் காலம் பார்த்துப் போனால் ஏமாற மாட்டார்கள்.

சிலோம் மாரியம்மன்

சிலோம் சாலையும் பான் சாலையும் சந்திக்கும் மூலையில், தமிழ்க் குடியேறியான வைத்தி படையாச்சி 1879இல் எழுப்பிய கோயில். சுதை உருவங்கள் நிறைந்த கோபுரத்தைப் பார்த்ததுமே ஊர் நினைவு வரும். வணங்க வருவோரில் தாய் மக்களே மிகுதி. வாசலில் செண்டுமல்லி மாலையும் வாழைப்பழமும் தேங்காயும் வைத்த தட்டுகளை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கின்றனர். விசயதசமி இரவில் சிலோம் சாலை அடைக்கப்படும். கடைக்காரர்கள் தத்தம் வாசலில் மேசை போட்டு, படம் வைத்து, அம்மன் வரும்வரை காத்திருந்து தேங்காய் உடைப்பர். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை.

காஞ்சனபுரி

பாங்காக்குக்கு மேற்கே ஏறத்தாழ 130 கி.மீ. 1942–43இல் சப்பானியர் அமைத்த 415 கி.மீ. சயாம்–பர்மா ‘மரண ரயில்’ பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர் பெருந்தொகையாக மாண்டனர். நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த வரிசைக் கல்லறைகள் உண்டு. தமிழர் பெயர் அங்கு இல்லை. கூலிகளாகச் சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மலாயா சென்ற குடும்பங்களின் வழிவந்தோர் இதை டூர் ஏற்பாட்டாளரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய பயணம்

கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாகவோ, சென்னை, பெங்களூருவில் விமானம் மாறியோ செல்லலாம். இந்தியருக்கு 2023 நவம்பரில் விசா விலக்கு நடைமுறைக்கு வந்தது. நாட்கணக்கு மாறுவதால் புறப்படுமுன் சரிபார்க்கவும். 2025 மே முதல் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். நாணயம் பாட். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முன். நகருக்குள் 1999 முதல் மேம்பால ரயில் உண்டு. பிரதுநாம், போபே சந்தைகளில் மொத்த விலைத் துணி கிடைக்கும். திருப்பூர்க்காரர் வாங்கப் போவதைவிடத் தையலையும் விலையையும் பார்த்து வரப் போவதே அதிகம். சைவ உணவினர் ‘ஜே’ என்று சிவப்பெழுத்து உள்ள மஞ்சள் கொடிக் கடைகளைத் தேடுக. மற்ற இடங்களில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு சேரும். அரண்மனைக்குள் அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை அனுமதிக்கப்படா. கட்டணம் 500 பாட். அருகிலுள்ள தேசிய அருங்காட்சியகம் திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் மூடியிருக்கும்.