சேறு மறப்பதில்லை

புக்கிட் பாத்தோக்கில் ‘லிட்டில் குய்லின்’ என்று பெயர் பெற்ற குளத்தைக் கண்டிராத சிங்கப்பூரர் சிலரே. இன்று மக்கள் உலாவி மகிழும் அவ்விடம் முன்னாளில் கருங்கல் குவாரியாக இருந்தது. குன்றை மனிதன் வெடி வைத்துப் பிளந்தான். மழையோ ஓசையின்றி அதே வேலையைக் காலங்காலமாகச் செய்து வருகிறது. கருங்கல் கரைந்து களிமண்ணாகிறது. அதனுடன் செம்பு, துத்தநாகம், ஈயம் முதலிய உலோகங்களும் மிக நுண்ணிய அளவில் ஆற்றில் இறங்குகின்றன.

இது இயற்கையின் செயல். செம்பும் துத்தநாகமும் சிறிதளவில் உயிர்களுக்கு இன்றியமையாதவையும் ஆகும். அளவு மிகும்போதுதான் அவை நஞ்சாகின்றன. அவ்வளவை மிகுவிப்பவர் யார்? நாமே! வண்டிச் சக்கரம் தேயும்போது துத்தநாகமும், ‘பிரேக்’ தேயும்போது செம்பும் சாலையில் உதிர்கின்றன. 1998ஆம் ஆண்டுவரை இங்கு விற்ற ஈயங்கலந்த பெட்ரோலின் புகையும் மண்ணில் படிந்தது. மழை வந்தால் இவை யாவும் கால்வாயைச் சேரும்.

ஆற்றில் இவ்வுலோகங்கள் பெரும்பாலும் களிமண் துகளைப் பற்றிக்கொண்டே செல்கின்றன. நன்னீரில் அத்துகள்கள் ஒன்றையொன்று விலக்கி மிதக்கும். கழிமுகத்தில் உப்புநீர் கலந்ததும் அவை திரண்டு அடியில் படியும். ஆகவே கழிமுகச் சேறு, ஆறு தன் கைப்பட எழுதிய கணக்கேடு எனலாம்.

சிங்கப்பூர் ஆற்றின் கணக்கேடு நீண்டது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே சரக்குப் படகு செலுத்தியவர்களுள் சூலியா எனப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்கள் சிறந்து விளங்கினர். வாணிபம் வளர்ந்தது, கழிவும் வளர்ந்தது. 1977ஆம் ஆண்டில் ஆற்றைத் தூய்மையாக்கப் பத்தாண்டுக் கெடு விதித்தார் பிரதமர் லீ குவான் இயூ. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன. அடிச்சேறும் வாரப்பட்டது. 1987இல் பணி நிறைவெய்தியது.

சேற்றை ஏன் வார வேண்டும்? நீர் ஓடிவிடும், சேறு கிடக்கும் என்பதே விடை. ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன்வழியே மனிதரைத் தாக்கியது. அந்நோய் 1956இல் வெளிப்பட்டது. ஆலை பாதரசக் கழிவை நிறுத்திய பின்னரும் சேறு நஞ்சாகவே கிடந்தது. அதை அகற்றி மூடும் பணி 1990இல்தான் முடிவுற்றது.

‘கடல் கொண்டுபோகும்’ என்பது முன்னோர் வாக்கு. இன்று அது நமக்குப் பொருந்தாது. 1970களில் கிராஞ்சி, பாண்டான் கழிமுகங்களிலும் 2008இல் மரினாவிலும் அணை எழுந்தது. உவர்நீர் முகத்துவாரங்கள் குடிநீர்த் தேக்கங்களாயின. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு இன்று நீர்பிடிப்புப் பகுதியாகும். தேக்க நீர் சுத்திகரிக்கப்பட்டே குழாய்க்கு வருகிறது. எனவே அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் தேக்கத்தின் அடியில் படிவது அங்கேயே தங்கும்.

ஆகவே, வீட்டு வாசலில் ஓடும் கால்வாயில் பழைய பெயின்டையோ எந்திர எண்ணெயையோ ஊற்றுமுன் ஒரு கணம் எண்ணுவோம். அதன் முடிவிடம் தொலைகடல் அன்று. நம் பிள்ளைகளின் நீர்நிலையே!