பட்டமும் பண்டிதரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை மாகாணக் கல்லூரிகளில் ஆங்கிலமும் தத்துவமும் கற்பித்தோர் பேராசிரியர் எனப்பட்டனர். தமிழ் கற்பித்தோர் பண்டிதர் எனப்பட்டனர். பண்டிதர் என்பது பெருமைக்குரிய சொல்லே. ஆயினும் சம்பளப் பட்டியலில் அது தாழ்ந்த பணியொன்றின் பெயராகவே நின்றது.

1880ஆம் ஆண்டு தியாகராச செட்டியார் ஓய்வு பெற, கும்பகோணம் அரசுக் கல்லூரித் தமிழாசிரியர் பணிக்கு உ. வே. சாமிநாதையர் வந்தார். மாத ஊதியம் 50 ரூபாய். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறையும்வரை அவரிடம் கற்ற கல்விக்குச் சான்றிதழ் ஏது? அதே ஆசிரியரின் மாணாக்கராகிய செட்டியாரின் சொல்லே சான்றாயிற்று. ஆங்கிலப் பேராசிரியர் பெற்ற ஊதியமோ இதனினும் பன்மடங்கு.

ஆங்கிலம் கற்றோர் யாவரும் தமிழை இகழ்ந்தனர் என்று எழுதிவிடுதல் எளிது, உண்மை அதுவன்று. அதே 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயர் கற்ற நூல்களின் பெயர்களைக் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என நீண்ட அப்பட்டியல் அவரை அசைக்கவில்லை. சீவகசிந்தாமணியைக் கற்றதுண்டா என்று வினவினார். பட்டமில்லாப் புலவர் பதவியிலிருந்தவர் முன் நாணி நின்ற அந்த நாளே, 1887இல் சிந்தாமணி அச்சேறியதற்கு வித்து. பண்டிதர் உலகமும் எல்லோர்க்கும் திறந்த வாயிலன்று. சாதியும் சமயமும் அங்கும் காவலிருந்தன.

1896இல் கல்விப்பணி பிரிக்கப்பட்டபோது, உயர்படியாகிய இந்தியக் கல்விப்பணிக்கு இங்கிலாந்திலேயே ஆள் தேர்ந்தனர். பட்டம் பெற்ற இந்தியர்க்கே மேல்வாயில் அரிதாயின், பண்டிதர் நிலை கூறவும் வேண்டுமோ?

இதனிடையே ஒரு வியப்பு. பி.ஏ. பட்டம் பெற்ற வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியப் பணியையே விரும்பி ஏற்றார். 1898இல் பள்ளிப் படிப்பையே முடிக்க இயலாதிருந்த மறைமலையடிகள் அங்கு அவருடன் பணியாற்ற வந்தார். பட்டதாரியும் பட்டமிலாதவரும் ஒரே பாடத்தைக் கற்பித்தனர். பல்கலைக்கழகம் தமிழைக் கட்டாயப் பாடநிலையினின்று நீக்கவே, அடிகள் 1911இல் அக்கல்லூரியை விட்டு நீங்கினார்.

1919இல் ஓய்வு பெற்ற ஐயருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது 1932இல்; அவர்க்கு அப்போது வயது 77. உயர்நிலைப்பள்ளிகளிலோ வித்துவான் தேர்ச்சி பெற்ற தமிழாசிரியர், விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம், பட்டதாரி ஆசிரியரினும் குறைந்த ஊதியமே பெற்றார். தலைமையாசிரியர் நாற்காலியில் அவர் அமர விதிமுறை இடந்தரவில்லை.