மார்பகப் படத்தின் வெள்ளைப் புள்ளிகள்: நெல்லித்தோப்பிலிருந்து ஒரு வாசிப்பு

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் ஆயிரக்கணக்கில் உள்ளன. அக்கா பாரிஸ் புறநகரில், தங்கை நெல்லித்தோப்பில் என்று பிரிந்து வாழும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்காவுக்கு ஐம்பது வயது ஆனதும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துக்கொள்ளச் சொல்லி அழைப்புக் கடிதம் வரும். 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அது வந்துகொண்டிருக்கும். பிரான்சு முழுவதும் 2004 முதல் இதுவே ஏற்பாடு. தங்கைக்குக் கடிதம் எதுவும் வராது. மார்பில் வலி என்று போனதாலோ, முழு உடல் பரிசோதனைக் கட்டணத்தில் அதுவும் சேர்ந்திருந்ததாலோ அவர் படம் எடுத்திருப்பார். இருவர் அறிக்கையிலும் 'கால்சிஃபிகேஷன்' (படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் கால்சியப் படிவு) என்று இருக்கிறது. அக்காவுடையதில் 'ஏசிஆர் 3', தங்கையுடையதில் 'பை-ராட்ஸ் 3'. அளவுகோல் ஒன்றேதான். ஆனால் அந்த 3 எந்தப் பெண்களை வைத்துக் கணக்கிடப்பட்டது, தங்கையின் நிலைமைக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை வரலாற்றின் வழியாகத்தான் பார்க்க முடியும்.

புள்ளிகளை முதலில் கண்டவர் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன். அறுத்து எடுக்கப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து 1913இல் அவர் முடிவுகளை வெளியிட்டார். புற்றுத் திசுவுக்குள் நுண்ணிய புள்ளிகள் தெரிந்ததைப் பதிவும் செய்தார். ஆனால் அவை எதைக் குறிக்கின்றன என்று அவருக்குத் தெரியவில்லை. உயிருள்ள பெண்ணின் மார்பகத்தைப் படம் எடுப்பது அவர் திட்டத்திலேயே இல்லை. யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் பதவி இழந்து, 1938இல் சாக்சன்ஹாவுசன் முகாமில் அடைபட்டு, பின் நெதர்லாந்துக்குத் தப்பினார். ஓவியர் சார்லட் சாலமன் இவர் மகள். அந்த மகள் 1943இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மருத்துவப் பாடநூல்கள் தந்தையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அமெரிக்காவில் ஸ்டாஃபர்ட் வாரன் 1930இல் உயிருள்ள பெண்களுக்கு மார்பகப் படம் எடுத்துக் காட்டினார். ஆனாலும் புள்ளிகளுக்குப் பொருள் கிடைத்தது தென்னமெரிக்காவில், உருகுவேயின் மாண்டிவிடியோ நகரில்தான். ராவுல் லெபோர்ன் மார்பகத்தை அழுத்திப் பிடித்துப் படம் எடுத்தார். அழுத்தும்போது திசு மெலிந்து நுணுக்கம் கூடுகிறது. தம்மிடம் வந்த புற்றுகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டில் கால்சியப் படிவு தெரிந்ததாக 1951இல் ஆங்கிலத்திலும் எழுதினார். நுண்ணிய உப்புத் தூள் போல என்பது அவர் தந்த வர்ணனை. கைக்குத் தட்டுப்படாத புற்றை அந்தத் தூள் காட்டிக்கொடுக்கும் என்ற எண்ணம் அங்கிருந்து வேர்பிடித்தது.

எண்ணம் இருந்தாலும் கருவி ஈடுகொடுக்கவில்லை. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான படிவை எலும்புக்கென்று அமைத்த எக்ஸ்ரே குழாய் எளிதில் காட்டாது. ஹூஸ்டனில் ராபர்ட் ஈகன் 1960 வாக்கில், குறைந்த மின்னழுத்தத்தையும் ஆலைகளில் பயன்படும் நுண்ணிய எக்ஸ்ரே ஃபிலிமையும் கொண்டு மற்றவர்களும் திரும்பச் செய்யக்கூடிய ஒரு முறையை வகுத்தார். பெரிய மாற்றம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூரிலிருந்து வந்தது. சார்ல் க்ரோ, டங்ஸ்டனுக்குப் பதிலாக மாலிப்டினம் பொருத்திய குழாயை 1960களின் நடுவில் உருவாக்கினார். மாலிப்டினம் உமிழும் 17.5, 19.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிர்களில் கொழுப்பு, சுரப்பி, கால்சியம் மூன்றும் தெளிவாகப் பிரிந்து தெரியும். பிரெஞ்சு நிறுவனமான சிஜிஆர் இதை 'செனோகிராஃப்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. மார்பகத்துக்கென்றே செய்த முதல் எந்திரம் அது.

இங்கே புதுச்சேரியின் காலக்கணக்கு கவனத்துக்குரியது. பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவாகி, 1964இல் ஜிப்மர் ஆனது. அதாவது ஸ்ட்ராஸ்பூரில் மார்பகக் கருவி பிறந்த நேரத்தில் புதுச்சேரி மருத்துவம் பிரான்சிடமிருந்து விலகி ஆங்கிலப் பாடநூல் உலகத்துக்குள் வந்துவிட்டது. சிஜிஆரை 1987இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கிக்கொண்டது. இன்று இந்தியாவில் விற்கப்படும் 'செனோகிராஃப்', பிரெஞ்சுப் பெயர் தாங்கிய அமெரிக்க நிறுவனச் சரக்கு.

படத்தில் தெரிந்தவற்றை எப்படிப் படிப்பது என்பது அடுத்த சிக்கல். பாரிஸின் கியூரி நிறுவனத்தில் லெ கால் 1970, 80களில் புள்ளிகளை வடிவம் பார்த்து ஐந்தாகப் பிரித்தார். வளையம் போன்ற முதல் வகையில் புற்று இல்லை என்றே கொள்ளலாம். புழுப்போல் நெளிந்த ஐந்தாவது வகை ஏறக்குறைய எப்போதும் புற்று. காரணம் உடற்கூறில் இருக்கிறது. பால் நாளத்துக்குள் பெருகிய புற்றணுக்கள் நடுவில் மடிந்து, அந்தச் சிதைவில் கால்சியம் படியும்போது நாளத்தின் கிளை வடிவத்தையே அது எடுத்துக்கொள்கிறது. இதற்கு மாறாக, நுண்பைகளில் தேங்கிய நீரில் கால்சியம் அடியில் தங்கினால், மேலிருந்து எடுத்த படத்தில் மங்கலான வட்டமாகவும் பக்கவாட்டுப் படத்தில் பிறையாகவும் தெரியும். அதற்கு மருத்துவம் தேவையில்லை. நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்குத் தமனிச் சுவர்களில் இணைகோடுகளாகத் தெரிவதும் புற்று அல்ல.

லியோனில் லூசியன் ஃப்ராப்பாரும் சகாக்களும் 1980களில் படிவின் வேதியியலையே பிரித்தார்கள். கால்சியம் ஆக்சலேட் பெரும்பாலும் தீங்கற்ற மாற்றங்களில் காணப்படும். ஹைட்ராக்சிஅபடைட் இரண்டிலும் காணப்படும். நம் வீடுகளில் உடனே எழும் கேள்வி, கால்சியம் மாத்திரை விழுங்கியதால் வந்ததா, வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பா என்பது. இல்லை. உணவின் கால்சியத்துக்கும் இந்தப் படிவுக்கும் தொடர்பில்லை. மருத்துவர் சொல்லி உண்ணும் மாத்திரையை நிறுத்துவதால் எலும்புக்குத்தான் கேடு.

அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி (ஏசிஆர்) 1993இல் வெளியிட்ட பை-ராட்ஸ் இந்த வாசிப்புகளை ஒரே மொழிக்குள் கொண்டுவந்தது. வடிவம், பரவல் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஓர் எண் தரப்படும். 2 என்றால் தீங்கற்றது. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. 4 என்றால் பயாப்சி (திசு எடுத்துச் சோதித்தல்); அதன் எல்லை 2 முதல் 95 விழுக்காடு வரை விரிந்திருப்பதால்தான் பிறகு ஏ, பி, சி என்று உடைக்க வேண்டியிருந்தது. ஒரே எண்ணுக்குள் இவ்வளவு தூரத்தை அடைத்தது அந்த அமைப்பின் பலவீனம் என்றே நினைக்கிறேன்.

எண் 3இன் பூர்வீகம்தான் முக்கியம். சான் பிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சிக்கிள்ஸ், 'அநேகமாகத் தீங்கற்றது' என்று கருதப்பட்ட 3,184 மாற்றங்களை அறுக்காமல் தொடர்ந்து படம் எடுத்துப் பார்த்தார். 1991இல் அவர் வெளியிட்ட கணக்கில் புற்றானவை 17. உடனே ஊசியால் திசு எடுக்க வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்று இன்று சொல்லப்படுவதற்கு இதுவே பெரிய ஆதாரம். அந்த மாற்றங்கள் முழுமையான கூடுதல் படங்களுக்குப் பிறகே அப்படிப் பெயரிடப்பட்டவை. அந்தப் பெண்களும் திரும்பத் திரும்ப வந்தவர்கள்.

இந்திய நிலைமை வேறு. 2016இல் வெளியான தேசியப் பரிசோதனைக் கட்டமைப்பு 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் மார்பகத்தைச் சோதிக்கச் சொல்கிறது. இது பணச் சிக்கனம் மட்டும் அல்ல; பின்னாளில் இதற்கு ஆதாரமும் கிடைத்தது. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள் சேர்ந்தார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் கைச்சோதனையால் மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்ததை 2021இல் வெளியிட்டார்கள். ஆனால் கைக்கு நுண்படிவு தட்டுப்படாது. அல்ட்ராசவுண்டிலும் அது சரியாகத் தெரியாது. 'ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்களே, பிறகு ஏன் பயாப்சி?' என்ற குழப்பம் இதனால்தான் வருகிறது. மேலும் இங்கே மார்பகப் புற்று மேலைநாடுகளைவிடச் சுமார் பத்தாண்டு முன்னதாக வருகிறது. இளவயதின் அடர்ந்த திசுவில் படம் மங்கும். 49,528 பெண்களைக் கொண்ட 2005ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு, அத்தகையவர்களுக்கு ஃபிலிமில் எடுக்கும் படத்தைவிட டிஜிட்டல் மேமோகிராம் மேல் என்று காட்டியது.

அதிகம் காண்பதற்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவில் இன்று கண்டறியப்படும் மார்பகப் புற்றுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பால் நாளத்தைத் தாண்டாத டிசிஐஎஸ். பெரும்பாலும் இந்தப் புள்ளிகளால் அகப்படுவது. தீவிரம் குறைந்த டிசிஐஎஸ் உள்ளவர்களில் அறுவையையும் கண்காணிப்பையும் ஒப்பிட்ட காமெட் ஆய்வு, 957 பெண்களை வைத்து 2024 டிசம்பரில் வெளியானது. இரண்டு ஆண்டில் ஊடுருவும் புற்று வழக்கமான சிகிச்சைக் குழுவில் 5.9 விழுக்காடு, கண்காணிப்புக் குழுவில் 4.2. இரண்டு ஆண்டு மிகக் குறைவு; இதை வைத்து யாரும் கத்தியைக் கீழே போடப் போவதில்லை.

தங்கையின் 3க்கு வருவோம். உருப்பெருக்கிய கூடுதல் படங்கள் எடுத்த பின் தரப்பட்டதா என்பதை அவர் கேட்டறிய வேண்டும். முதல் படத்தை மட்டும் பார்த்து 3 போடுவது விதிக்குப் புறம்பு. பழைய படம் ஏதேனும் இருந்தால் அதுவே சிறந்த சாட்சி: சில ஆண்டுகளாக மாறாத புள்ளிக்கு மதிப்பு வேறு, புதிதாய் முளைத்ததற்கு வேறு. பிறகு 6, 12, 24ஆம் மாதங்களில் மறுபடம். அக்காவுக்கு அழைப்புக் கடிதம் ஏற்கெனவே பழக்கம். இங்கே அந்த நாட்களைத் தங்கையேதான் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய படங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு, முடிந்தவரை அதே மையத்துக்குப் போக வேண்டும்.