டிசம்பர் 13-ஆம் தேதிப் பக்கங்கள்

என்னிடம் ஜூனியராக வரும் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம். அரசியலமைப்பு வழக்கு என்றால் அரசியல் நிர்ணய சபை விவாதத் தொகுதியைப் புரட்டி, அம்பேத்கர் பேசிய நாலு வரியை எடுத்து மனுவில் சேர்த்துவிடுவார்கள். எழுதியவரே சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன என்று நினைப்பு. அவர்களை நான் 1948 டிசம்பர் 13-ஆம் தேதிப் பக்கங்களைப் படித்துவிட்டு வரச் சொல்வேன்.

அன்று சபையில் இருந்தது இன்றைய 21-ஆவது பிரிவு. வரைவில் அதன் எண் 15. ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ அரசு பறிப்பதென்றால் எந்த முறைப்படி பறிக்கலாம் என்பது விஷயம். முதலில் அமெரிக்கர்களின் 'டியூ பிராசஸ்' இருந்தது. அது இருந்தால், சட்டமே நியாயமானதா என்று நீதிபதி கேட்க முடியும். வரைவுக் குழு அதை எடுத்துவிட்டு, 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று போட்டது. சட்டத்தில் எழுதியபடி அதிகாரி நடந்துகொண்டால் போதும். நீதிபதிக்கு மேலே கேள்வியில்லை.

ஏன் இந்த மாற்றம்? வரைவோடு வந்த குறிப்பு சொல்வது கொஞ்சம்தான்: புதிய சொற்கள் இன்னும் திட்டவட்டமானவை, 1946 ஜப்பான் அரசியலமைப்பின் 31-ஆவது பிரிவைப் பார்க்க. அமெரிக்க ராணுவம் டோக்கியோவில் உட்கார்ந்திருந்தபோது எழுதப்பட்ட சட்டம் அது! உண்மையான வேலை வேறிடத்தில் நடந்தது. சபையின் ஆலோசகர் பி.என். ராவ் 1947 இறுதியில் அமெரிக்கா சென்று அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சட்டத்தை நீதிபதிகள் ரத்துசெய்ய 'டியூ பிராசஸ்' வழிவிடுகிறது, ஜனநாயகத்துக்கு ஒவ்வாது, நீதிமன்றத்துக்கும் பாரம் என்றார் அவர். அங்கே தொழிலாளர் சட்டங்கள் அப்படித்தான் விழுந்திருந்தன. இங்கே ஜமீன் ஒழிப்பு காத்திருந்தது. சென்னையின் முன்னாள் அட்வகேட் ஜெனரல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மாற்றத்தின் பக்கம் உறுதியாக நின்றார்.

பழைய சொற்களே வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் காஸி சையது கரீமுதீன். வரைவுக் குழுவிலேயே இருந்த முன்ஷி அவரை ஆதரித்தார். அம்பேத்கர்? இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது என்று விளக்கிவிட்டு, முடிவைச் சபையிடமே விட்டுவிட்டார். ஜூனியர்கள் தேடிப் போகும் 'கருத்து' அங்கே இல்லவே இல்லை. திருத்தம் தோற்றது. அது அம்பேத்கரை உறுத்தியிருக்க வேண்டும். 1949 செப்டம்பரில், கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும் என்கிற, இன்றைய 22-ஆவது பிரிவை ஈடுகட்டலாகக் கொண்டுவந்தார்.

அரசியலமைப்பு அமலுக்கு வந்த சில வாரங்களிலேயே சோதனை வந்தது. சென்னை மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். வாதாடியவர் எம்.கே. நம்பியார். 1950 மே 19-இல் ஆறு நீதிபதிகளில் நான்கு பேர் கோபாலனை விடுவிக்க மறுத்தார்கள்; பஸல் அலியும் மகாஜனும் மாறுபட்டார்கள். அந்தத் தீர்ப்பில் நம் பதஞ்சலி சாஸ்திரி எழுதியது எனக்குப் பிடிக்கும்: ஒரு பேச்சு, பேசியவர் மனத்தை வேண்டுமானால் காட்டும், வாய் திறக்காமல் ஓட்டுப் போட்ட பெரும்பான்மையின் மனத்தைக் காட்டாது. ஆனால் 'டியூ பிராசஸ்' விடப்பட்ட வரலாற்றை நீதிமன்றம் கணக்கில் எடுக்காமல் இல்லை. சபை விவாதத்துக்கு முன்வாசலில் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக அழைத்துக்கொண்ட கதைதான்.

சபை வெளியேற்றிய 'டியூ பிராசஸ்' பொருள் 1978-இல் மேனகா காந்தி வழக்கில் திரும்பி வந்தது. நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றாகிவிட்டது. சபை வேண்டாம் என்றதை நீதிமன்றம் கொடுத்தது சரியா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். சரி என்பது என் கட்சி. சபைக்கு அன்றிருந்த பயம் பெரும்பாலும் ஜமீன்தார்களைப் பற்றியது என்று நினைக்கிறேன்.

2017-இல் புட்டசாமி வழக்கு. அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமையாக்க நிர்ணய சபை மறுத்துவிட்டது என்று அரசுக்காக வாதாடியவர் அட்டார்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், நம்பியாரின் மகன். நியாயமற்ற சோதனைக்கும் பறிமுதலுக்கும் எதிராகச் சபையில் திருத்தம் கொடுத்துத் தோற்றவரும் அதே கரீமுதீன்தான். ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அரசு வாதத்தைத் தள்ளினார்கள். ஸ்தாபகர் என்ன நினைத்தார் என்று எழுதும் ஜூனியரிடம், எந்த ஸ்தாபகர், அம்பேத்கரா கரீமுதீனா என்று நான் ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.