இரும்பும் எழுத்தும்

பளு தூக்குவோனுக்குக் கலையுணர்வு இராது என்பது நெடுநாளைய எண்ணம். அதனைப் பொய்யாக்கியவர் பெங்களூர் கே. வி. ஐயர்.

கோலார்ப் பகுதியில் 1897-இல் பிறந்த அவர், பெங்களூரில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தினார். தபால் வழியாகவும் பயிற்சி அளித்தார். மேனாட்டு பார்பெல்லையும் நம் நாட்டுச் சூரிய நமஸ்காரத்தையும் பகையெனக் கருதாது ஒருங்கே கற்பித்தார். உலகமே வியந்த தம் உடற்கட்டுக்கு இரும்புக் கருவிகளைவிட ஹடயோகமே பெரிதும் காரணம் என்று 1930-இல் வெளிவந்த தமது 'மசில் கல்ட்' நூலில் எழுதினார்.

அவரே ஹொய்சள அரசி சாந்தலையைப் பற்றிக் கன்னடத்தில் சிறந்த நாவலொன்றும் படைத்தார்.

இன்று கட்டணம் செலுத்திப் பயிலும் கூடங்களில் எத்தனை கிலோ தூக்கினோம் என்பதே பேச்சு. அங்குச் செல்லும் நம் இளைஞர்கள், பார்பெல் ஏந்திய அக்கரமே எழுதுகோலும் ஏந்தியதை நினைவிற் கொள்வாராக.