நெற்றியில் குத்திய பச்சை

சுங்கை பூலோ என்றால் நம் தோட்டத்து மக்களுக்கு முன்னாளில் ஒரே பொருள்தான் தோன்றும். அது தொழுநோய்க் குடியிருப்பு. 1996-ஆம் வருஷத்தில் கோலாலம்பூர் புடு ஜெயில் மூடப்பட்டுக் கைதிகள் இவ்வூர்ச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டபின், அப்பெயருக்கு இரண்டாவது பொருளும் ஏற்பட்டது. பெண் கைதிகளுக்கு உரிய சிறை காஜாங்கில் இருக்கிறது. ஆயினும் சிறை சென்று மீண்டவள் எவளாயினும், அவளைப் பற்றிப் பேசும் நம்மவர் வாயில் ‘சுங்கை பூலோ’ என்ற சொல்லே முந்தி வருகிறது.

நாம் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கிறோம். எந்தத் தோட்டம் என்பது இங்கு வேண்டாம். சென்ற வருஷம் நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவர் வேலை கேட்டு வந்தார். செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. மனுத்தாளில் ‘கோர்ட்டில் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா?’ என்றொரு கேள்வி இருந்தது. ‘ஆம்’ என்று நம் கையாலேயே எழுதினோம். மனு மறுநாளே திரும்பியது. செய்தியைச் சொன்னபோது அவ்வம்மாள் அழவில்லை. “கிராணி ஐயா, கீழே கெடக்குற பழத்தைப் பொறுக்குற கைக்கு எதுக்குங்க கோர்ட்டுக் கணக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். ஆங்கிலப் பள்ளியில் பதினொரு வருஷம் படித்த நமக்கு விடை தெரியவில்லை. சரித்திரத்தைப் புரட்டிப் பார்க்கலானோம்.

கும்பினியார் ஆட்சியில், வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும், ஆயுள் தண்டனை பெற்ற கைதிகளின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சை குத்தி வைக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு குத்தப்பட்டோர் தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டி மறைத்தனராம். 1849-ஆம் வருஷத்தில் சட்டமியற்றி இவ்வழக்கத்தை ஒழித்தனர். அதற்கு முன்பே, 1825-ஆம் வருஷத்தில், பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூரில் இறக்கப்பட்டனர். இந்தியாவிலிருந்து கைதிகளை அங்கே அனுப்பும் முறை அதன்பின் பல்லாண்டு நீடித்தது. பெண்களும் அவர்களில் இருந்தனர், மிகச் சிலராக. நன்னடத்தையுள்ள முதல் வகுப்புக் கைதிக்கு வெளியே தங்கிச் சம்பாதிக்கச் சீட்டு வழங்கப்பட்டது. அந்நகரின் பெரிய மாதா கோவிலையும் கவர்னர் மாளிகையையும் கட்டியவை கைதிகளின் கைகளே. 1873-ஆம் வருஷத்தில் அம்முறை முடிந்து, எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு மாற்றப்பட்டபோது, விடுதலை பெற்றிருந்த பலர் அங்கேயே தங்கி, மாடு வளர்த்தும் வண்டியோட்டியும் பிழைத்தனர். ஊர் புதிது, கைக்கு வேலை தேவை, ஆகவே நெற்றியைப் பார்க்க எவருக்கும் நேரமில்லை.

நிற்க. நம் பாட்டிமார் எல்லாரும் குற்றமற்றவர்கள் என்று எண்ணுவோர் சற்று யோசிக்க வேண்டும். மலாய் நாட்டில் ஒப்பந்தக்கூலி முறை 1910-ஆம் வருஷத்தில் தடை செய்யப்பட்டது. அதுவரை மட்டுமன்று, 1920-களின் தொடக்கம் வரையிலும், தோட்டத்தை விட்டுச் சொல்லாமல் வெளியேறுவது இந்நாட்டில் சிறைக்குரிய குற்றம். இலங்கையில் 1865-ஆம் வருஷத்து 11-ஆம் நம்பர்ச் சட்டமும், இந்தியாவில் 1859-ஆம் வருஷத்துச் சட்டமும் இதையே செய்தன; பின்னது 1925-ஆம் வருஷத்தில்தான் ரத்தாயிற்று. திருடவில்லை, அடிக்கவில்லை, வேலையை விட்டாள், அதனால் குற்றவாளி! இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு சீட்டும் இருந்தது. பட்ட கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கலாம் என்று துரை எழுதித் தரும் காகிதம் அது. துண்டு இன்றேல் வேறு தோட்டத்தில் வேலை இல்லை. 1921-ஆம் வருஷத்தில் அதுவும் ஒழிந்தது. அந்நாளில் பேர் எழுதியவர்களும் நம் போன்ற கிராணிமார்தாம் என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

குற்றம் என்பதே காலத்துக்குக் காலம் மாறுகிறது; அதை எழுதி வைத்த காகிதமோ மாறாமல் பின்தொடர்கிறது. 1969-ஆம் வருஷத்தில் இந்நாட்டில் வந்த குற்றவாளிகள் பதிவுச் சட்டப்படி, தண்டனை விவரமும் கைரேகையும் பதிவாகின்றன. போலீசாருக்கு அஃது அவசியமே. ஆனால் பிரிட்டனில் 1974-ஆம் வருஷத்தில் இயற்றிய சட்டமொன்று, தண்டனைக்குப் பின் குறித்த காலம் வரை மீண்டும் குற்றம் செய்யாதவர், வேலை கேட்கும்போது அப்பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை என்று விதித்தது. கொடிய குற்றங்களுக்கு அச்சலுகை இல்லை. குழந்தைகளைப் பராமரித்தல் போன்ற வேலைகளுக்கும் விலக்குண்டு. இவ்விலக்கு நியாயமானது. ‘அப்படியானால் திருடியவளிடம் கல்லாப்பெட்டியைக் கொடுப்பீரோ?’ என்று நண்பரொருவர் நம்மை மடக்கினார். கல்லாப்பெட்டிக்கு நாம் வாதாடவில்லை. உதிரிப் பழத்துக்கே வாதாடுகிறோம்.

இனி இவ்வூரின் மற்றத் தனிமைக்கு வருவோம். 1926-ஆம் வருஷத்துச் சட்டம் தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க இடந்தந்தது. 1930-ஆம் வருஷத்தில் சுங்கை பூலோக் குடியிருப்புத் திறக்கப்பட்டது. அதற்குள் பள்ளி உண்டு, தனி நாணய நோட்டு உண்டு, குற்றஞ்செய்தாரை அடைக்கச் சிறையும் உண்டு. அங்கே பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டனர். யுத்தத்துக்குப் பின் நல்ல மருந்து வந்து நோய் தீர்ந்தது. வேலை கிடைத்ததா? ‘எங்கிருந்து வருகிறாய்?’ என்ற கேள்விக்கு ஊர்ப்பெயரைச் சொன்னதும் கதவு சாத்தப்பட்டது. குற்றமே செய்யாதாருக்கு அக்கதி எனின், செய்தாருக்குச் சொல்லவேண்டுமா? ஆனால் குணமடைந்தவர்கள் குடியிருப்பு நிலத்திலேயே பூச்செடிப் பண்ணைகள் வைத்தனர். அவர்கள் உடம்பைத் தொட அஞ்சிய கோலாலம்பூர்வாசிகள், அவர்கள் தொட்டு வளர்த்த செடியைக் காரில் வந்து வாங்கிப் போயினர்! பண்ணைகள் இன்றும் நடக்கின்றன.

தமிழ்நாட்டிலும் இவ்வகை முயற்சி உண்டு. சென்னை புழலில் 2023-ஆம் வருஷத்தில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறக்கப்பட்டது. வண்டிக்காரர்கள் எண்ணெய் போட்டுக்கொண்டு, காசைக் கைதியின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சிறைக்குள் இருக்கும்போதே காசை நம்பி ஒப்படைக்கிறோம்; வெளியே வந்தபின் பழக்கூடையை ஒப்படைக்க மறுக்கிறோம். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் மல்லிகைச் செடி வாங்கச் சுங்கை பூலோப் பண்ணையொன்றுக்குச் சென்றோம். அங்கே தொட்டிக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தவர் அந்த அம்மாள்தான். பண்ணைக்காரக் கிழவர், மண்மூட்டை தூக்க முடியுமா என்று கேட்டாராம், வேறொன்றும் கேட்கவில்லையாம். நம்மை அடையாளங்கண்டும் பழையதை அவர் பேசவில்லை. செடியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, “ரெண்டு நாள் நெழல்ல வச்சிட்டு அப்புறம் வெயில்ல வைங்க ஐயா” என்றார்.