தட்டொலியும் ஈயமும்

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாருக்கு மயிலாடுதுறையிலிருந்து செல்லும் சாலையின் இருமருங்கிலும் நெல்வயல்கள். பல இடங்களில் வரப்பும் தாரும் ஒட்டியே கிடக்கும். அறுவடை நாள்களில் சாலையே களமாகிவிடுவதும், வெயிலில் பரப்பிய ஈர நெல்லுக்கு ஒதுங்கி வேன்களும் பேருந்துகளும் ஊர்ந்து செல்வதும் நம் டெல்டா மக்களுக்குப் புதிய காட்சியன்று. இத்தகைய சாலைகளில் ஓடிய பெட்ரோல் வண்டிகளின் எஞ்சினுக்குள் எழுந்த ஒரு சிறிய ஓசையை அடக்குவதற்காக உலகம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் கொடுத்த விலையை ஈண்டு நோக்குவோம்.

மேட்டில் ஏறும்போதோ, பாரம் கூடும்போதோ சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டுவதுபோல் எஞ்சின் ஒலிப்பதைக் கேட்டிருப்போம். பட்டறைக்காரர் அதனை 'நாக்கிங்' என்பார். உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நாடி பார்க்கும் வைத்தியரைப்போல அதன் முனையை நோக்குவார். முனை இளம்பழுப்பாயிருந்தால் எஞ்சின் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஆயில் உள்ளே கசிகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவு மீறிய சூடு. வெண்பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவினாற்போன்ற நுண்புள்ளிகளும் அலுமினியத் துகள்களும் தென்பட்டால், எஞ்சின் நெடுநாளாய்த் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புது பிளக் மாட்டி, இடைவெளியைச் சரிசெய்து அனுப்பினால் சில வண்டிகள் அடங்கும். அடங்காதவற்றின் நோய் வேறிடத்தில் இருக்கும்.

அந்த வேறிடம் எது என்பதை அறியத்தான் காலமாயிற்று. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் போஷ் பட்டறையின் கோட்லோப் ஹோனோல்டு 1902-இல் உயரழுத்த மின்பொறி தரும் பிளக்கைச் செம்மைப்படுத்தினார். அதன் வழிவந்த தொழிலே 1951-இல் பெங்களூரில் மைக்கோ நிறுவனமாக வேரூன்றியது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1912-இல் காடிலாக் காருக்கு மின்கல எரியூட்டும் அமைப்பைத் தந்தபோது, அக்கார்களில் எழுந்த தட்டொலிக்கு அவருடைய தீப்பொறியே காரணமென்று பழி சுமத்தப்பட்டது. அப்பழியைத் துடைக்க அவர் 1916-இல் நியமித்த இளம் பொறியாளரே தாமஸ் மிட்ஜ்லி.

மிட்ஜ்லி கண்டது இதுதான். பிளக் தன் பொறியை உரிய நேரத்தில் தருகிறது. தீ சீராகப் பரவுகிறது. ஆனால் தீ சென்று சேருமுன்னரே, மூலையில் நெருக்குண்டு சூடேறிய எஞ்சிய வாயு தானாகவே வெடித்துவிடுகிறது. அந்த அதிர்வே நம் காதில் விழும் தட்டொலி. குற்றம் பெரும்பாலும் எரிபொருளினுடையது. மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டி தட்டுவதும் இதனாலேயே. நியாயவிலைக் கடை மண்ணெண்ணெய்க்கு நீலச்சாயம் ஏற்றியதன் காரணங்களுள் இக்கலப்படமும் ஒன்றென்பதை மூத்த வாசகர் அறிவர். (டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக்கே இல்லை, அதன் தட்டொலி வேறு கதை.)

தட்டாத எரிபொருளைத் தேடி அயோடின், அனிலின், நாற்றம் பொறுக்கவொண்ணாத டெலூரியம் எனப் பலவற்றை ஆய்ந்தபின், 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயத்தை மிட்ஜ்லியின் குழு கண்டறிந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவாகக் கலந்தாலே தட்டொலி நின்றது. 1923 பிப்ரவரியில் டேட்டன் நகரில் அது விற்பனைக்கு வந்தது. இட்ட பெயர் 'எத்தில்'. ஈயம் என்னும் சொல் பெயரில் இல்லை.

ஈயத்திற்கு முன்பே இன்னொரு மருந்து அவர்கள் கையிலிருந்தது. எரிசாராயம் கலந்த பெட்ரோல் தட்டாது என்பதை மிட்ஜ்லி நன்கறிவார். 1921-இல் நூற்றுக்கு முப்பது பங்கு சாராயம் கலந்து வண்டியோட்டிக் காட்டியவரும் அவரே. ஆயினும் சாராயம் எவரும் வடிக்கக்கூடிய பழம்பொருள். ஈயக் கலவையோ காப்புரிமைக்கு உரியது, மிகச் சிறிதளவே போதுமானது. வணிகம் எப்பக்கம் சாய்ந்ததென்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய மருந்து ஓர் இடையூற்றையும் உடன் கொணர்ந்தது. எரிந்த ஈயத்தின் சாம்பல் பிளக்கின் முனையிலும் வால்விலும் படிந்து பொறியைக் கெடுத்தது. அதற்கும் வழி கண்டனர்: புரோமின் சேர்ந்த எத்திலீன் டைபுரோமைடைப் பெட்ரோலில் கலந்தால், ஈயம் ஆவியாகும் உப்பாக மாறிப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். அந்தப் புரோமினைக் கடல்நீரிலிருந்தே பிரிக்க 1934-இல் வட கரோலினாக் கரையில் ஆலையும் எழுந்தது. இவ்வரலாற்றில் நம்மை மிகவும் உறுத்துவது இந்த இடந்தான். பிளக் தூய்மையாயிற்று, எஞ்சின் தூய்மையாயிற்று, அழுக்கு முழுவதும் சாலையில் நடப்போரின் மூச்சுக்கும் சாலையோர மண்ணுக்கும் திறமையோடு அனுப்பிவைக்கப்பட்டது. ஈயமோ மட்கி அழியும் பொருளன்று. குழந்தையின் உடல் அதனைப் பெரியோரினும் மிகுதியாக ஈர்க்கும். பாதிக்கப்படுவது வளரும் மூளை.

எச்சரிக்கை இல்லாமலில்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இப்பொருளைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி மாண்டனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர் முன் அதனைக் கைகளில் ஊற்றித் தேய்த்து, முகர்ந்தும் காட்டினார். முந்தைய ஆண்டிலேயே அவர் ஈய நஞ்சால் ஓய்வெடுக்கச் சென்றவர் என்பது வேறு. 1925 மே மாதம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் ஈயத்தை எதிர்த்து வாதாடினார். அதன்பின் அமைக்கப்பட்ட குழுவோ தடைசெய்யப் போதிய ஆதாரமில்லையென்று 1926-இல் கூறிவிட்டது. தீங்கு நேரும் என்று மெய்ப்பிக்கும் சுமை மக்கள் தலையில் ஏற்றப்பட்டது. தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் கடமை விற்பவர்க்கு இல்லாமற்போயிற்று. பூமியின் வயதை ஈயத்தைக்கொண்டு கணித்த கிளேர் பேட்டர்சன், தம் ஆய்வுக்கூடத்தில் எங்கும் ஈயம் ஒட்டியிருப்பது கண்டு திகைத்து, அது மனிதனால் பரவிய நஞ்சென்று 1965-இல் எழுதும்வரை நாற்பதாண்டுகள் இவ்வாறே கழிந்தன.

நம் நாட்டில் 1994-க்கு முன்பு ஒரு லிட்டர் பெட்ரோலில் 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம் என்றிருந்தது. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, சிற்றூர்கள் காத்திருந்தன. பெங்களூரின் ஜார்ஜ் அறக்கட்டளை 1999-இல் வெளியிட்ட ஆய்வில், நம் பெருநகரங்களில் சோதிக்கப்பட்ட குழந்தைகளுள் பாதிக்குமேல் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மிகுந்த ஈயத்தோடு காணப்பட்டனர். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. டேட்டன் நகரில் முதல் விற்பனை நடந்து சரியாக எழுபத்தேழு ஆண்டுகள். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. பேருந்தும் லாரியும் டீசலுக்கு மாறிவிட்டமையால் டெல்டா சாலைகளில் விழுந்தது பெருநகரங்களினும் குறைவாகவே இருக்கும். அது நம் முன்யோசனையால் விளைந்ததன்று.

இன்று தட்டொலியை அடக்க மீண்டும் வந்திருப்பது, நூறாண்டுக்கு முன் ஒதுக்கப்பட்ட அதே எரிசாராயம். எத்தனால் என்னும் பெயரில் நூற்றுக்கு இருபது பங்கு பெட்ரோலில் கலக்கும் இலக்கை நம் நாடு 2025-இல் எட்டியது. மைலேஜ் குறைகிறது, பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் தாங்குமா என்று பட்டறைகளில் பேசிக்கொள்கின்றனர். நம் மனத்தில் எழும் கேள்வி அதுவன்று. அந்தச் சாராயம் கரும்பிலிருந்து மட்டும் வடிவதில்லை; மக்காச்சோளத்திலிருந்தும், இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு அரிசியிலிருந்தும் வடிகிறது. எத்தனை மூட்டை அரிசி எஞ்சினுக்குப் போகலாம், எத்தனை உலைக்கு மிஞ்ச வேண்டும் என்பதை இம்முறையேனும் விற்போர் மட்டுமே அமர்ந்து முடிவு செய்யலாகாது. நெல் விளைவிப்போரும் அம்மேசையில் இருக்க வேண்டும்.